ஒன்பது எண்ணும் கை

“இந்த ஆளும் போயிட்டாராம்மா?”

“போயிட்டாருங்க சார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிக்கலீங்க.”

“எத்தனாவது ஆளு?”

“பதினொண்ணுங்க.”

டீன் குழந்தைவேலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே நின்ற பூங்கொடிக்கு உட்காரத் தோன்றவில்லை. கோபிசெட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் இருந்த அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டாக்டர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. எலும்புக்கு, கண்ணுக்கு, மயக்க மருந்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் கொண்டுவந்துவிட்டாள். குழந்தைகளின் வயிறும் குடலும் பார்க்கிற பிரிவுக்கு மட்டும் நான்கு வருடமாக ஒருவரும் நிற்கவில்லை.

“இந்த மாசம் முப்பதாம் தேதி மெடிக்கல் கவுன்சில்ல இருந்து வர்றாங்க. ‘உசிரோட இருக்கிற நிபுணர் ஒருத்தராவது வேணும், வெறும் கையை வச்சுப் பிரிவு நடத்த முடியாது’ன்னு எழுதிட்டாங்க. ஆள் இல்லீன்னா பூட்டுதான். பொறகு பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டுக் கோயமுத்தூர்தான் ஓடணும். ரெண்டு மணி நேரம்.”

“சில குழந்தைக அதுவரைக்கும் தாங்காதுங்க சார்.”

“எனக்குத் தெரியாதாம்மா? நாளைக்கு வர்ற அம்மா யாரு?”

“டாக்டர் மெர்லின். நாகர்கோயில் பக்கம். வெளிநாட்டுல அஞ்சு வருசம் இருந்துட்டு வந்தவங்க. அவங்களை விட்டா இனி ஆளில்லீங்க.”

“அப்ப அந்தக் கையை இன்னைக்கே சரி பண்ணச் சொல்லு.”

கை என்று எல்லோரும் சொன்னது ஓர் உறையை. முழங்கை வரை வருகிற, மெல்லிய, தோல் நிறத்து உறை. நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன டாக்டர் தெய்வானையின் கை அதில் இருந்தது. அவருக்குக் கைராசி என்று மூன்று மாவட்டத்துத் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். நோயில் படுப்பதற்கு முந்தைய வருடம் முழுக்க அந்த உறையைப் போட்டுக்கொண்டுதான் அவர் ஆயிரக்கணக்கான வயிறுகளைத் தொட்டுப் பார்த்தார். எங்கே எவ்வளவு அழுத்தினார், எதைத் தொட்டதும் விரல் நின்றது, எல்லாவற்றையும் அது படித்துக்கொண்டது. இன்னொருவர் அதைப் போட்டுக்கொண்டால் தெய்வானையின் விரல்கள் அவருடைய விரல்களை மெதுவாகக் கூட்டிப்போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர் அதோடுதான் வேலை செய்ய வேண்டும், மாணவர்களுக்கும் அதை வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை.

பூங்கொடி தன் அறைக்கு வந்து, காலையில் ஓடிப்போன டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் காரில் பவானி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“டாக்டர், நான் உங்களைத் திரும்பக் கூப்பிடலீங்க. ஏன் போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. வீடு சரியில்லைங்களா? பசங்க ஸ்கூலுங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா. கை நல்ல கை. கல்லீரல் ஓரம் அரை விரல் இறங்கியிருந்தாக்கூட விரல் நுனி தானாப் போய் நிக்குது. இருபது வருசம் படிச்சாலும் எனக்கு அது வராது.”

“அப்புறம் என்னங்க?”

“தொப்புளுக்கு மேல, ரெண்டு விரல் தள்ளி ஒரு இடம் இருக்கு. அங்க போனா கை நின்னுக்குது. ஒவ்வொரு குழந்தைக்கும். எண்ணிப் பாத்தேன், ஒம்பது வரைக்கும். அதுக்கப்புறம்தான் எடுக்க விடுது.”

“அங்க என்னங்க இருக்குது?”

“ஒண்ணுமே இல்லம்மா. அதான் பயம். பூ மாதிரி மெத்துனு இருக்கு. ஆனா அந்த ஒம்பது எண்ணுறதுக்குள்ள எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. பக்கத்துல தாய் நிக்கிறா. நான் கண்ணைத் துடைச்சா அவ என்ன நெனைப்பா? மூணு குழந்தை பாத்தேன், மூணு தடவை அழுதேன். எனக்கு ஒரு துக்கமும் இல்லம்மா. அது யாரோடதோ. என்னை விட்டுருங்க.”

முந்தைய பத்துப் பேரும் இதைச் சொல்லவில்லை. வெயில் ஒத்துக்காது என்றார்கள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். ஒரு டாக்டரம்மா மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது பூங்கொடியின் கையைப் பிடித்து, “உங்க டாக்டர் எதையோ தொலைச்சிருக்காங்க” என்றுவிட்டுப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வெளிநோயாளிப் பிரிவு காலியாகிவிட்டது. சுவரில் பழைய போர்டு தொங்கியது: ‘வாந்தி எடுத்த துணியை அலசாமல் அப்படியே கொண்டு வரவும்.’ பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாள் தெய்வானை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அவளை டைப் அடிக்கச் சொன்ன வாசகம் அது. தாய்மார்கள் யாரும் அதன்படி நடப்பதில்லை. நாற்றமடிக்கிற துணியோடு ஆஸ்பத்திரிக்குள் எப்படி வருவது என்று வாசல் குழாயிலேயே அலசிவிடுவார்கள்.

பரிசோதனை அறையில் தினகர் இருந்தான். உறையைப் பராமரிக்கிற பொறியாளன். மேசைமேல் மாணவர்கள் பழகுவதற்கான ரப்பர் குழந்தை மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் உறை.

“வாங்கக்கா. டீன் ‘வெட்டிரு’ன்னு சொல்லிட்டாரு. அந்த நிக்கிற இடத்தைத்தானே? அரை மணி நேர வேலை.”

“வெட்டுனா வேற ஒண்ணும் கெடாதா?”

“அங்க ஒண்ணும் இல்லைன்னுதானே எல்லா டாக்டரும் சொல்றாங்க. சும்மா ஒரு பழக்கம்க்கா. சிலர் பேசும்போது தொண்டையைச் செருமுவாங்கல்ல, அந்த மாதிரி.”

“அழுகை வருதுங்கறாங்களேப்பா.”

“அது எனக்கும் புரியல. நடுக்கம், மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் சேர்ந்துதான் பதிஞ்சிருக்கு. அது அப்படியே போடறவங்க கைக்கு ஏறும்போல. இது ஒருவழிப் பாதை இல்லக்கா. போடறவங்க கையில இருந்தும் இது கொஞ்சம் எடுத்துக்கும், அவங்களுக்கும் கொஞ்சம் குடுக்கும். ரொம்பக் கொஞ்சம்.” அவன் திரையில் எதையோ தேடினான். “பதிவு பண்ணப்போ மனசுல என்ன ஓடுதுன்னு வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். மத்த இடத்துல எல்லாம் ‘கல்லீரல் சரி’, ‘மண்ணீரல் சரி’ன்னு சொல்லிருக்காங்க. இந்த இடத்துல மட்டும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வார்த்தை. துண்டு கேக்கறாங்கன்னு நெனைக்கிறேன், கை துடைக்க. கேக்கறீங்களா?”

“போடு.”

ஒரு மூச்சுச் சத்தம். பின்னால் எங்கேயோ குழந்தை சிணுங்குகிறது. பிறகு தெய்வானையின் குரல், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாக: “துணி எங்கம்மா?”

அடுத்த குழந்தை. “துணி எங்கம்மா?”

அதற்கடுத்தது. “துணி எங்கம்மா?”

“நிறுத்துப்பா.”

“என்னக்கா, வேர்க்குது உங்களுக்கு? ஏசியைக் கூட்டவா?”

“தினகரு, ஒரு டீ குடிச்சிட்டு வா.”

“இப்பத்தான் குடிச்சேன்.”

“இன்னொண்ணு குடி.”

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

பூங்கொடி கதவைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில். ஜன்னல் வழியாக அது ரப்பர் குழந்தையின் வயிற்றில் சதுரமாக விழுந்திருந்தது. அவள் வளையல்களைக் கழற்றிவிட்டு, உறையை எடுத்து வலக்கையில் போட்டுக்கொண்டாள். முதலில் சில்லென்றிருந்தது. பிறகு மெல்ல வெதுவெதுப்பானது. தெய்வானை குழந்தையைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

கை தானாக நகர்ந்தது. விலா எலும்புக்குக் கீழே போனது, நின்றது, விட்டது. இடது பக்கம் போனது, விட்டது. அடிவயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, தொப்புளுக்கு மேலே ஏறி, இரண்டு விரல் தள்ளி, நின்றது.

ஒன்று. இரண்டு.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. முரட்டுப் பிடி ஒன்றும் இல்லை. தூங்கிவிட்ட குழந்தைமேல் வைத்த கையை எடுக்க மனசு வராமல் வைத்திருப்போமே, அப்படி.

“நாந்தானுங்க டாக்டர்” என்றாள் பூங்கொடி. “என்ர குழந்தைதானுங்க அது.”

அது நடந்து இருபது வருடம். அந்தக் குழந்தைக்கு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பூங்கொடியின் குழந்தை’ என்றுதான் எழுதியிருந்தார்கள். முதல் தடவை கொண்டுவந்தபோது தெய்வானை வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னம்மா கக்கறான்?” என்று கேட்டார். “பாலுதானுங்க” என்றாள் பூங்கொடி. “துணி எங்கம்மா?” என்று கேட்டார். “அலசிட்டனுங்க.” வயிறு மெத்தென்றிருந்தது. அனுப்பிவிட்டார். மறுநாள் விடியும்போது குடல் முறுக்கிக் கருத்துப்போயிருந்தது. ஒரு வருடம் கழித்து, பி.காம். படித்தவள்தானே, சும்மா வீட்டில் இருக்காதே என்று ஆள் அனுப்பி இந்த வேலையைக் கொடுத்தார். பதினைந்து வருடம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். “சாப்டியா பூங்கொடி?” என்பார். “ஆச்சுங்க டாக்டர்” என்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏழு. எட்டு. ஒன்பது. கை எழவில்லை. இந்த முறை எழவே இல்லை.

“பாலு இல்லீங்க டாக்டர். பச்சையாத்தான் கக்குனான். கரும்பச்சை.” அவள் ரப்பர் குழந்தையைப் பார்த்தே பேசினாள். “காலைல பாலாடையில ஓமவல்லிச் சாறு புகட்டியிருந்தனுங்க. சளிக்குன்னு அத்தை அரைச்சுக் குடுத்தாங்க. அதுதான் பச்சையா வருதுன்னு நெனச்சுட்டேன். பச்சைக் குழந்தைக்கு இலைச்சாறு குடுத்தியான்னு நீங்க திட்டுவீங்கன்னு வாசக் குழாயிலயே அலசிட்டேன். சோப்புக்கூடப் போட்டனுங்க. நீங்க கேட்டப்போ பால்னு பொய் சொன்னேன். அந்தப் போர்டை டைப் அடிக்கச் சொன்னப்பவே சொல்லியிருக்கோணும். உங்க கை தப்புப் பண்ணலீங்க. வயித்துக்குள்ள இருந்தா கைக்குத் தெரிஞ்சிருக்கும். அது துணியிலதான் இருந்துச்சு.”

உறைக்குள் அவள் விரல்கள் நடுங்கின. அது தன் நடுக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“விட்டுருங்க டாக்டர்.”

கை எழுந்தது.

தினகர் வந்தபோது உறை பழைய இடத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“வெட்டவாக்கா?”

“இரு. நாளைக்கு அந்த அம்மா ஒரு குழந்தையைப் பாக்கட்டும். அதுக்குமேல உன்ர இஷ்டம்.”

“டீன் என்னைத்தான் கத்துவாரு.”

“என்னைக் கத்தச் சொல்லு. எனக்குப் பழக்கம்தான்.”

மறுநாள் காலை ஒன்பதரைக்கு டாக்டர் மெர்லின் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காலில் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. வந்ததும் கேட்டாள்: “எனக்கு முன்னால பதினோரு பேர் ஓடிட்டாங்களாமே? ஒருத்தர் எனக்கு சீனியர். ‘போகாத, பேய்க்கை’ன்னு மெசேஜ் போட்டாரு.”

“அப்படியும் வந்திருக்கீங்களே டாக்டர்?”

“பேய்க்கு நான் பயப்பட மாட்டேன். கமிட்டிக்குத்தான் பயம்.”

டீன் சத்தமாகச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

முதல் குழந்தைக்கு மலச்சிக்கல். உறை போட்ட கை விலாவுக்குக் கீழே போனது, இடது பக்கம் போனது, தொப்புளுக்கு மேலே ஏறியது, இறங்கிவிட்டது. நிற்கவில்லை. தினகர் பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது குழந்தை. நிற்கவில்லை. மூன்றாவது. மெர்லினின் கண் ஈரமாகவில்லை. “அருமையான கை. இதுக்கா ஓடுனாங்க?” என்றாள்.

“வெட்டிட்டியாப்பா? நல்லது” என்று டீன் தினகரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். தினகர் “இல்லீங்க சார்” என்பதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

நான்காவதாக ஒரு பெண் வந்தாள். இருபது வயதுக்குமேல் இருக்காது. கையில் பத்தொன்பது நாள் குழந்தை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தாள்.

“பால் குடிக்கமாட்டீங்குதுங்க. கக்கிக் கக்கி வெக்குதுங்க.”

மெர்லின் வயிற்றில் கை வைத்தாள். எல்லா இடமும் மெத்தென்றிருந்தது. கை எழுந்தது. “வயிறு நல்லாத்தான் இருக்கு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

கை அவளிடம் திரும்பி வரவில்லை. மேசையோரம் போய், குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் விளிம்பைத் தேடிப் பிடித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அந்த விளிம்பை மெதுவாகக் கசக்கின. குழாயடியில் கறை போகக் கசக்குவது போல.

“இது என்ன?” என்றாள் மெர்லின். குரல் இறங்கியிருந்தது. “நான் இதைச் செய்யல.”

“பழைய பழக்கமா இருக்கும்” என்று தினகர் முணுமுணுத்தான். “ஆனா பதிவுல இது இல்லையே...”

“துணி ஈரமா இருக்கு. இப்பத்தான் அலசுனீங்களாம்மா?”

“நாத்தம் அடிச்சுதுங்க டாக்டர். அதான் வாசக் குழாயில...”

“என்ன கக்குச்சு?”

“பாலுதானுங்க.”

அந்தப் பெண் மெர்லினைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். விரல்கள் இன்னும் கசக்கிக்கொண்டிருந்தன.

பூங்கொடி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். “கண்ணு, இங்க பாரு. யாரும் உன்னைத் திட்டமாட்டாங்க. என்ன புகட்டுன?”

“ஒண்ணுமில்லீங்க்கா.”

“நானும் அப்படித்தான் சொன்னேன் கண்ணு. பால்னு சொன்னேன். என்ர பையன் இல்ல இப்ப.”

அந்தப் பெண்ணின் உதடு கோணியது. “வசம்பு உரைச்சு வெச்சனுங்க்கா. அதுல இருந்து பச்சையா... புல்லுச்சாறாட்ட வருதுங்க. மாமனாரு ஊட்டுல சொல்லிப்போடாதீங்க.”

மெர்லின் உறையைக் கழற்றி மேசையில் போட்டாள். “வசம்புல பச்சை வராது. பித்தம்! குடல் முறுக்கியிருக்கலாம். ஸ்கேன் ரூமுக்குச் சொல்லுங்க. ஆபரேஷன் தியேட்டரையும் தயாரா வைக்கச் சொல்லுங்க. நடங்கம்மா, நடங்க!”

கதவு ஆடி நின்றது.

ஒரு மணிக்குத் தியேட்டரிலிருந்து மெர்லின் வந்தாள். தலையில் இன்னும் பச்சைத் தொப்பி. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“முறுக்கைப் பிரிச்சுவிட்டாங்க. கொஞ்ச நேரத்துல குடல் சிவந்துட்டு. இன்னும் மூணு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான். இந்தப் பிள்ளை கோயமுத்தூர் வழியிலேயே...” அவள் முடிக்கவில்லை. “ஆர்டரை எடுத்துட்டு வாங்க. சேர்ந்துக்கிறேன்.”

“டாக்டர், பேய்க்கை?”

“இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தத் துணியைக் கசக்குனது டாக்டர் தெய்வானையா?”

பூங்கொடி நியமன உத்தரவை மேசைமேல் விரித்து வைத்தாள். “இல்லீங்க டாக்டர். அது நாந்தான்.”

மெர்லின் அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

வாசலில் தினகர் உறையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். உள்ளே யார் கையும் இல்லாத உறையில், இரண்டு விரல் நுனிகள் லேசாக உரசிக்கொண்டிருந்தன. “அக்கா, ராவுகாலம் கழிஞ்சு சொல்லலாம்னு பாத்தேன், முடியல. நான் எதையும் வெட்டவே இல்ல. உள்ள தேடிப் பாத்துட்டேன். அந்த ஒம்பது எண்ணுற இடம் இதுல இல்லவே இல்ல. அழிஞ்ச தடமும் இல்ல. அப்ப அது எங்கக்கா போச்சு?”

“கையெழுத்துப் போடணும், பேப்பரை விடுங்க” என்றாள் மெர்லின்.

பூங்கொடி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை உத்தரவின் நடுவில் விரித்தபடி இருந்தது. உள்ளங்கைக்கடியில் தாள் வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க நினைத்தாள்.

“ஒரு நிமிசமுங்க டாக்டர்” என்றாள். உதடு அசையாமல் எண்ணத் தொடங்கினாள்.